புரோபோஃபால் என்னும் வெள்ளை மயக்க ஊசி: மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையில் மயக்க மருத்துவராக வேலை பார்க்கிறேன். மேலூர், உசிலம்பட்டி, பேரையூர், வாடிப்பட்டி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் நோயைப் பற்றிய சந்தேகங்களைச் சர்ஜனிடம் கேட்டு முடித்துவிடுகிறார்கள். மயக்கத்தைப் பற்றிய பயம் மட்டும் மிச்சம் இருக்கும். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நிற்கிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் அது வாய்க்கு வரும். நிதானமாகப் பேச அது நேரமில்லை என்பதால், திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். உங்களுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பால் மாதிரி வெள்ளையா ஒரு ஊசி போட்டாங்களே, அது என்ன மருந்து?

அதுதான் புரோபோஃபால். இந்த மருந்து தண்ணீரில் கரையாது. அதனால் சோயா எண்ணெய், முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் லெசித்தின், கிளிசரால் ஆகியவற்றோடு கலந்து குழம்பாக்கித் தருகிறார்கள். அந்த எண்ணெய்த் துளிகளால்தான் வெள்ளை நிறம்.

இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் ஜான் கிளென் என்ற கால்நடை மருத்துவரும் அவரது குழுவும் 1970-களில் இதைக் கண்டுபிடித்தார்கள். 1977-இல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அப்போது சேர்த்திருந்த கரைப்பான் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கியது. மருந்தைத் திரும்பப் பெற்று, கலவையை எண்ணெய்க் குழம்பாக மாற்றி, 1986-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு பென்டோதால் என்ற மயக்க ஊசிதான் வழக்கம். அது போட்டவர்கள் மாலை வரை தலை தொங்கிக் கிடப்பார்கள். புரோபோஃபால் வந்த பிறகுதான் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் அறுவைச் சிகிச்சைகள் இவ்வளவு பெருகின. கிளெனுக்கு 2018-இல் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.

எதுக்கெல்லாம் இதைப் போடுவாங்க?

பெரிய ஆபரேஷனில் ஆளைத் தூங்க வைக்கும் முதல் ஊசியாக; சில சமயம் முழு ஆபரேஷனுக்கும் பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாக. குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி, இறங்கிய எலும்பைப் பொருத்துவது, கருப்பையைச் சுத்தம் செய்வது போன்ற சின்ன வேலைகளுக்கு. அசையாமல் படுக்க முடியாத குழந்தைக்கு எம்ஆர்ஐ எடுக்கும்போது. ஐசியுவில் வென்டிலேட்டரில் இருப்பவரை அமைதியாக வைத்திருக்க. மனநல சிகிச்சையில் கொடுக்கும் மின் அதிர்வுக்கு முன்பும் போடுவதுண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மயக்கமும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் அந்தச் சிகிச்சை கொடுக்கவே கூடாது.

கண்புரை ஆபரேஷனுக்குப் போகும் பாட்டி தாத்தாக்கள் இதை நினைத்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்தே அது நடக்கிறது.

போட்டதும் எப்படி இருக்கும்? எரியுமா?

எரியும். பலருக்கு ஊசி ஏறும் கையில் சுருக்கென்று ஒரு எரிச்சல் ஓடும். புறங்கையின் மெல்லிய ரத்தக்குழாயில் போட்டால் அதிகம். முழங்கை மடிப்பின் பெரிய ரத்தக்குழாயில் குறைவு. மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் மருந்தைக் கொஞ்சம் முன்னால் கொடுத்தால் இன்னும் குறையும். அந்த எரிச்சலை உணர்ந்து முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். அரை நிமிடம், முக்கால் நிமிடம், அவ்வளவுதான். ஒரு தடவை போட்ட மருந்து ஐந்து முதல் பத்து நிமிடம் தாங்கும். வேலை நீண்டால் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருப்போம்.

விழிக்கும்போது பெரும்பாலானவர்கள் தெளிவாகவே விழிக்கிறார்கள். மற்ற மயக்க மருந்துகளைவிட வாந்தியும் குமட்டலும் குறைவு.

இது வலி மருந்தும்தானே?

இல்லை. தூங்க வைக்கும், நடந்ததை மறக்க வைக்கும், வலியைக் குறைக்காது. வலி உள்ள வேலை என்றால் வலி மருந்தோ மரத்துப்போகும் ஊசியோ கூடவே கொடுப்போம். அந்த வலி மருந்துகள் பலவும் மூச்சைக் குறைப்பவை. இரண்டும் சேரும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

மயக்கத்தில் எதையாவது உளறிடுவேனா டாக்டர்?

சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆனால் உள்ளே நிஜமான பயம் இருக்கும். ஆழ்ந்த மயக்கத்தில் யாரும் பேசுவதில்லை. மயங்கும்போதும் தெளியும்போதும் சிலர் இரண்டொரு வார்த்தை முணுமுணுப்பார்கள். பெரும்பாலும் வீட்டு ஆட்களைத் தேடுவார்கள், அல்லது "முடிஞ்சிருச்சா?" என்பார்கள். கேட்டது எதுவாக இருந்தாலும் அது தியேட்டரை விட்டு வெளியே போகாது. அது எங்கள் கடமை.

எண்டோஸ்கோபிக்கு மயக்கம் கட்டாயமா?

கட்டாயமில்லை. வயிற்று எண்டோஸ்கோபி சில நிமிட வேலை. தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே அடித்தே பலருக்குச் செய்கிறார்கள். குமட்டல் பொறுக்கத் தெரிந்தவருக்கு அது போதும். பார்த்து முடித்ததும் எழுந்து போகலாம். கொலனோஸ்கோபி நீளமானது, வயிறு முறுக்கும். மயக்கம் இருந்தால் நிம்மதி. உடம்பு மிகவும் பலவீனமான பெரியவர் என்றால் "மயக்கம் இல்லாமல் முடியுமா?" என்று கேளுங்கள். பல சமயம் முடியும்.

உண்மையான ஆபத்து என்ன? மறைக்காம சொல்லுங்க.

மூச்சு. எல்லாவற்றுக்கும் மேலே அதுதான்.

புரோபோஃபால் மூளையை அமைதிப்படுத்தும்போது மூச்சு விடச் சொல்லும் பகுதியையும் அமைதிப்படுத்துகிறது. அளவு கொஞ்சம் கூடினால் மூச்சு ஆழம் குறையும். இன்னும் கூடினால் சில நிமிடம் நின்றே போகும். தொண்டைத் தசை தளர்ந்து நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைப்பதும் உண்டு. ஒருவருக்கு லேசான தூக்கம் தரும் அளவே பக்கத்துப் படுக்கைக்காரருக்கு முழு மயக்கமாகிவிடலாம். எடையை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது. இதை முறிக்க மாற்று மருந்தும் கிடையாது. மிடசோலம் போன்ற தூக்க மருந்துக்கு முறிவு ஊசி உண்டு, புரோபோஃபாலுக்கு இல்லை. மருந்து இறங்கும் வரை அந்த ஆளுக்காக நாங்கள் மூச்சு விட்டுக்கொடுக்க வேண்டும். தாடையைத் தூக்கிப் பிடிப்பது, மாஸ்க்கை வைத்து பையை அழுத்துவது, தேவைப்பட்டால் குழாய் போடுவது. இது தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் மூச்சு நிற்பது சமாளிக்கக்கூடிய ஒரு சின்ன விஷயம். இல்லாவிட்டால் சில நிமிடத்தில் மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நின்றுவிடும்.

இரண்டாவது, ரத்த அழுத்தம் இறங்குவது. ரத்தக்குழாய்கள் தளர்வதால் எல்லோருக்கும் கொஞ்சம் இறங்கும். வயதானவர், இதயம் பலவீனமானவர், உடம்பில் நீர் வற்றியவர் ஆகியோருக்கு அதிகம் இறங்கும்.

மூன்றாவது, கிருமி. எண்ணெயும் முட்டைச் சத்தும் உள்ள இந்தக் கலவையில் கிருமிகள் வேகமாக வளரும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவமனைகள் சிலவற்றில் ஆபரேஷன் முடிந்தவர்களுக்குத் தொற்று வந்தபோது, தேடிப் பார்த்ததில் புரோபோஃபாலைக் கையாண்ட விதம்தான் காரணம் என்று தெரிந்தது. ஒரு குப்பி ஒரு நோயாளிக்கு மட்டும், மிச்சத்தை மறுநாளைக்கு எடுத்துவைக்கக் கூடாது என்ற விதி இதனால்தான். விலையைப் பார்த்து இதில் சிக்கனம் பிடிக்க இடமே இல்லை.

கடுமையான ஒவ்வாமை மிக அபூர்வம். சிறுநீர் பச்சையாகப் போவதும் அபூர்வமாக உண்டு. பார்க்கப் பயமாக இருக்குமே தவிர தானே சரியாகிவிடும்.

அப்ப நாங்க என்ன கேக்கணும்?

ஒரே ஒரு கேள்வி கேட்டாலும் இதைக் கேளுங்கள்: "வேலை நடக்கும்போது என் மூச்சை யார் பார்த்துக்கிட்டு இருப்பாங்க?"

எண்டோஸ்கோபி செய்யும் டாக்டரின் கண் திரையில் இருக்கும், கை குழாயில் இருக்கும். அவரே மயக்கத்தையும் பார்த்துக்கொள்ள முடியாது. அதற்கென்றே ஒருவர் தலைமாட்டில் நிற்க வேண்டும். மயக்க மருத்துவத்தில் எம்டி, டிஎன்பி, டிஏ என ஏதாவது ஒரு படிப்பு முடித்தவர்தான் சரியான ஆள். சிறிய கிளினிக்கில் "லேசா ஒரு ஊசிதான், ஆளே தேவையில்ல" என்று சொன்னால் அங்கே செய்துகொள்ளாதீர்கள். மருந்து லேசானதல்ல.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆனால் மூக்கில் ஆக்சிஜன் ஓடும்போது மூச்சு நின்ற பிறகும் அந்தக் கருவி கொஞ்ச நேரம் 98, 99 என்றே காட்டிக்கொண்டிருக்கும். வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப் இருந்தால் மூச்சு நின்ற உடனே திரையில் கோடு படுத்துவிடும். அந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். நல்ல மயக்க மருத்துவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

எத்தனை மணி நேரம் பட்டினி இருக்கணும்? தண்ணி குடிக்கலாமா?

இதில்தான் நம் ஊரில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது.

மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இட்லி, இடியாப்பம் போன்ற லேசான உணவு என்றால் கடைசி வாய்க்குப் பிறகு 6 மணி நேரம். எண்ணெய், கறி சேர்ந்த சாப்பாடு என்றால் 8 மணி நேரமோ அதற்கு மேலோ. ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் கறிதோசையும் சாப்பிட்டுவிட்டுக் காலை ஆறரைக்கு வந்து படுக்கக் கூடாது. பால், காபி, பால் டீ, பருத்திப்பால், ஜிகர்தண்டா, கஞ்சி, கூழ் எல்லாமே சாப்பாட்டுக் கணக்குதான். 6 மணி நேரம். "ஒரு வாய் காபிதான் டாக்டர், அதைச் சொல்லணுமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. சொல்லுங்கள். சொன்னால் தள்ளிவைப்போம், அவ்வளவுதான். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம்.

மறு பக்கத் தவறு, தண்ணீரே குடிக்காமல் கிடப்பது. பெரும்பாலானவர்கள் வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். பால் இல்லாத கட்டங்காப்பிக்கும் இதே கணக்கு. ஆனால் "பட்டினி" என்றதும் முந்தின சாயங்காலத்திலிருந்தே பச்சைத்தண்ணி பல்லில் படாமல், உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் சித்திரை வெயிலில் வந்து இறங்குகிறார்கள். கொலனோஸ்கோபிக்குப் பேதி மருந்தும் குடித்திருந்தால் உடம்பு சுத்தமாக வற்றிப்போயிருக்கும். அப்படி வற்றிய உடம்பில் இந்த ஊசி ஏறினால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். ஊசி ஏற்ற ரத்தக்குழாய் கிடைக்காமல் நாலு இடத்தில் குத்துவதும் இதனால்தான். உங்கள் நேரம் என்ன, தண்ணீர் எத்தனை மணி வரை என்று முதல் நாளே கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குடல் அடைப்பு, கர்ப்பம், நாள்பட்ட சர்க்கரையால் வயிறு மெதுவாகக் காலியாகும் நிலை ஆகியவற்றுக்குக் கணக்கு வேறு. உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் வாரம் ஒருமுறை போடும் புதிய ஊசிகளும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

வாயில் வெற்றிலை, பாக்கு, ஹான்ஸ் எதுவும் அடக்கியிருக்கக் கூடாது. ஆடும் பல், கழற்றும் பல்செட் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை போடலாமா?

மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். "ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு ரோஸ் மாத்திரை" என்று சொன்னால் எங்களால் கண்டுபிடிக்க முடியாது. சிலவற்றை அன்று காலை ஒரு வாய்த் தண்ணீரோடு போடச் சொல்வோம். சிலவற்றை நிறுத்தச் சொல்வோம். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கலாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகப் போடவும் வேண்டாம். நாட்டு மருந்து, லேகியம், தூக்க மாத்திரை எடுத்தாலும் சொல்லுங்கள்.

அப்பா தினமும் குடிப்பார். அம்மா முன்னாடி சொல்ல வேண்டாம்னு பாக்குறார்.

அவரைத் தனியாக வைத்து நாங்கள் கேட்போம், எங்களிடம் மட்டும் சொல்லட்டும். தினமும் குடிப்பவருக்கு மயங்க அதிக மருந்து தேவைப்படலாம். கல்லீரலும் இதயமும் கெட்டிருந்தால் அதே அளவு அவருக்கு ஆபத்தாகவும் முடியலாம். முந்தின ராத்திரி குடித்துவிட்டு வருவது இன்னும் மோசம். தினக்குடியைத் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம் என்பதால் அதையும் பேசித் திட்டமிட வேண்டும். யாரையும் திட்டுவதற்காக இதைக் கேட்பதில்லை.

குறட்டை விடறவங்களுக்கு ஆபத்து அதிகமா?

ஆமாம். சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறவர்களுக்கு மயக்கத்திலும் தொண்டை அடைக்கும். இது அவர்களுக்கே தெரியாது, கூடப் படுப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே மனைவியோ மகளோ கூட வந்து சொன்னால் பெரிய உதவி.

முட்டை அலர்ஜி இருக்கு. வீட்டில் சுத்த சைவம் வேற.

முட்டை ஒவ்வாமை பெரும்பாலும் வெள்ளைக்கருவின் புரதத்தால் வருவது. மருந்தில் இருப்பது மஞ்சள் கருவின் லெசித்தின். முட்டை, சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சாதாரணமாக இதைக் கொடுக்கலாம் என்பதுதான் இன்றைய ஒவ்வாமை மருத்துவர்களின் கருத்து. முன்பு முட்டையால் மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்திருந்தால் மட்டும் தவறாமல் சொல்லுங்கள். சைவம் என்ற காரணத்தால் வேண்டாம் என்றாலும் தயங்காமல் சொல்லலாம். பல வேலைகளுக்கு வேறு மருந்து இருக்கிறது, அதன் நல்லது கெட்டதை விளக்குவோம்.

பாட்டிக்கு எண்பது ஆச்சு. தாங்குவாங்களா?

வயது மட்டும் தடையில்லை. இளைஞருக்கு மயங்க ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் என்றால், பாட்டிக்கு அதில் பாதி, சில சமயம் அதற்கும் கீழே. மெதுவாகக் கொடுத்து, பொறுத்திருந்து பார்த்து, பிறகு சேர்க்க வேண்டும். அவசரப்படுவதுதான் பெரியவர்களுக்கு ஆபத்து.

குழந்தைக்கு எம்ஆர்ஐ எடுக்க மயக்கம் கொடுத்தா மூளை வளர்ச்சி பாதிக்குமா?

மூன்று வயதுக்குள் 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கமோ, திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கமோ வளரும் மூளையைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2016-இல் எச்சரித்தது. ஒரே ஒரு தடவை, குறைந்த நேரம் என்றால் பாதிப்பு தெரியவில்லை என்பதே இதுவரை வந்த ஆய்வுகளின் போக்கு. தேவையான ஸ்கேனைப் பயந்து தள்ளிப்போட்டால் நோய் முற்றும். தள்ளிப்போட முடிந்த வேலையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். சளி உள்ள பிள்ளைக்கு மூச்சுக்குழாய் சட்டென்று இறுகும்.

பால் கொடுக்கிற அம்மாவுக்கு?

நன்றாக விழித்து, குழந்தையைக் கையில் பிடிக்கும் தெம்பு வந்ததும் பால் கொடுக்கலாம். பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை.

ஐசியுவில் அண்ணனுக்கு நாலஞ்சு நாளா இதே மருந்து ஓடுதே, பரவாயில்லையா?

வென்டிலேட்டர் குழாயோடு விழித்துக் கிடப்பது கொடுமை. அதனால் தூங்க வைப்பது அவசியம். ஆனால் அதிக அளவில், இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்தால் அபூர்வமாகச் சிலருக்கு ரத்தத்தில் அமிலம் ஏறி, தசைகள் சிதைந்து, சிறுநீரகமும் இதயமும் செயலிழக்கும் நிலை வரலாம். 1992-இல் குழந்தைகளிடம் இது முதலில் கவனத்துக்கு வந்தது. குழந்தைகளை ஐசியுவில் நீண்ட நேரம் தூங்க வைக்க இதைத் தவிர்ப்பது அதனால்தான். பெரியவர்களுக்கு மணிக்கு, கிலோவுக்கு 4 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். ரத்தக் கொழுப்பையும் அடிக்கடி சோதிப்பார்கள். வார்டு டாக்டரிடம் "தினமும் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்க்கிறீங்களா, ரத்தப் பரிசோதனை எப்படி இருக்கு?" என்று கேட்கலாம்.

மைக்கேல் ஜாக்சன் செத்தது இந்த ஊசியால்தானாமே?

ஆமாம். 2009 ஜூன் 25 அன்று, வீட்டில், தூக்கம் வருவதற்காக இதைப் போட்டுக்கொண்டதில் இறந்தார். போட்ட மருத்துவர் 2011-இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அங்கே மூச்சைக் கவனிக்கும் ஏற்பாடு சரியாக இல்லை. தூக்கமின்மைக்கு இது மருந்தே அல்ல. இது தரும் மயக்கம் இயற்கைத் தூக்கமும் அல்ல.

இதற்கு அடிமையாவதும் உண்டு. எளிதாகக் கையில் கிடைப்பதால், அது அதிகம் பாதிப்பது எங்கள் துறை ஆட்களைத்தான். நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடினால் மூச்சு நின்றுவிடும். மருத்துவமனையில் வேலை பார்க்கும் உங்கள் பிள்ளையின் கையில் காரணம் சொல்லாத ஊசித் தடங்களைக் கண்டால் கோபப்படுவதற்கு முன்னால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அது நோய், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

முடிஞ்சு எப்ப வீட்டுக்குப் போகலாம்? பைக்ல போகலாமா?

சின்ன வேலை என்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அனுப்பிவிடுவார்கள். ஆனால் தெளிந்துவிட்டதால் மருந்து உடம்பை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மூளையிலிருந்து இறங்கி தசையிலும் கொழுப்பிலும் தங்கியிருக்கும். கல்லீரல் மெதுவாகக் கழிக்கும். பேசும்போது தெளிவாகத் தெரிந்தாலும் கையின் நிதானமும் முடிவெடுக்கும் திறனும் அன்று முழுவதும் குறைவாக இருக்கும்.

24 மணி நேரம் பைக், கார், டிராக்டர் எதுவும் ஓட்டக் கூடாது. பின்னால் உட்கார்ந்து போவதும் வேண்டாம். சரிந்தால் பிடிக்க முடியாது. மாட்டுத்தாவணியில் கூட்ட பஸ்ஸில் நின்றுகொண்டு போகாமல் ஒரு ஆட்டோவோ காரோ பிடியுங்கள். கூட ஒரு பெரியவர் கட்டாயம் வர வேண்டும்; பன்னிரண்டு வயதுப் பேரன் போதாது. அன்று கிணற்று மோட்டார், கதிரறுக்கும் மெஷின் பக்கம் போகக் கூடாது. பத்திரம் பதிவு செய்வது, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது எதுவாக இருந்தாலும் மறுநாளைக்கு வையுங்கள். "ஊருக்குள்ள வந்தாச்சு, அப்படியே ரிஜிஸ்டர் ஆபீஸையும் முடிச்சிருவோம்" என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மதுவும் தூக்க மாத்திரையும் அன்று கூடவே கூடாது.

வீட்டுக்குப் போன பிறகு எப்ப பயப்படணும்?

கொஞ்சம் தூக்கக் கலக்கம், ஊசி போட்ட இடத்தில் லேசான வலி, இவை சாதாரணம். எழுப்பினால் எழாமல் கிடப்பது, மூச்சு இழுப்பது, உதடு நீலமாவது என்றால் ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழையுங்கள். நிற்காத வாந்தி, குளிர் காய்ச்சல், ரத்தம் போவது, வயிறு கல்லாக இறுகி வலிப்பது இருந்தால் வேலை செய்த மருத்துவமனைக்கே அன்றைக்கே திரும்புங்கள். ராத்திரி அங்கே யாரும் எடுக்கவில்லை என்றால் மதுரை அரசு பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவு எந்த நேரமும் திறந்திருக்கும். போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். என்ன மருந்து, எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பது அதில்தான் இருக்கும்.